சக்கரை போடாத லேகியம்

என் அக்கா புருஷனை நான் பாவா என்று கூப்பிடுவேன். ஆந்திர எல்லைக்கு அந்தண்டையும் இந்தண்டையும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற குடும்பங்களில் அதுதான் வழக்கம். கூப்பிடுவதில் மரியாதைக்குக் குறைச்சல் வைத்ததில்லை. மனசுக்குள் அந்த ஆளுக்கு நான் வைத்திருக்கிற பெயர்களைச் சொன்னால் காகிதம் கருகிப் போகும். மூன்று வருஷமாகிறது. இன்னும் ஆறவில்லை. ஆற விடுகிற எண்ணமும் இல்லை.

திருத்தணியில் மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் பாவாவுக்கு ஒரு லேகியக் கடை. இடத்தைப் பார்த்துத்தான் பிடித்திருந்தார். ஜனங்கள் மொட்டை போட்டுக்கொண்டு, வழித்த தலையோடு குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு மலையேறி இறங்கினால் பாதிப் பேர் தும்மிக்கொண்டுதான் வருவார்கள். அந்தத் தும்மல்தான் பாவாவின் பிழைப்பு. சுக்கு, மிளகு, திப்பிலி, ஆடாதொடை எல்லாம் இடித்துப் போட்டுக் கிளறிய கறுப்பு லேகியம். டப்பாவின் மேல் 'சளி, இருமல், ஜல்பு' என்று எழுதியிருக்கும். கீழே சிவப்பு எழுத்தில் இன்னொரு வரி: 'சர்க்கரை சேர்க்காதது. சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்.'

எனக்குச் சர்க்கரை வந்து அப்போதே பதினாலு வருஷம். கே.ஜி.கண்டிகை பக்கம் எங்கள் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் என் வீட்டுக்காரர் இரண்டு விசைத்தறி ஓட்டுகிறார். இழை அறுந்தால் பிடித்து முடிச்சுப் போடுவது என் வேலை. தலைமுடியைவிட மெல்லிசான நூல். அந்த வேலைக்கு முதலில் இடது கண் போனது. அப்புறம் வலது கண்ணிலும் புகை மூட்டம். சென்னையில் கண் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "இடது கண்ண மறந்துடுங்கம்மா, அத சுகர் முடிச்சிடுச்சு. வலதுல இருக்கிறது புரை. எடுத்துட்டா பார்வை வரும்" என்றார். இரண்டு நிபந்தனை போட்டார். அன்றைக்குக் காலையில் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். இருமல் இருக்கக் கூடாது. "கண்ணுக்குள்ள கருவி இருக்கும்போது ஒரு இருமல் இருமினீங்கன்னா போச்சு" என்றார். சித்திரையில் தேதி கொடுத்தார். மிச்சமிருந்த ஒரே கண் அது.

இந்த இடத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வேண்டுதலை எல்லாரும் காரியம் நடந்த பிறகு தீர்ப்பார்கள். எங்கள் வீட்டில் முன்கூட்டியே தீர்த்துவிடுவோம். முடியை முதலில் கொடுத்துவிட்டால் முருகன் வாக்கு மாற முடியாது என்று எங்கள் நைனா காலத்திலிருந்து ஒரு கணக்கு. ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருக்கும்போது போய் மொட்டை போட்டுக்கொண்டேன். வெயிலில் வெந்த தலையோடு மூன்று முங்கு முங்கினேன். மறுநாள் மூக்கு ஒழுகியது. அதற்கு மறுநாள் நெஞ்சுக்குள் கரகரவென்று இருமல். வலது கண்ணைக் காப்பாற்றப் போய் வலது கண்ணுக்கே உலை வைத்துக்கொண்டேன்.

சர்க்கரைக்காரிக்குச் சளி பிடித்தால் அது சளி மட்டும் இல்லை. சளியே சர்க்கரையை ஏற்றும். அதற்குச் சாப்பிடுகிற மருந்து அதற்கு மேல் ஏற்றும். மருந்துக் கடைக்குப் போய் இருமல் மருந்து கேட்டேன். கடைக்காரர் நல்ல மனுஷன். பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "இது பூரா சக்கரப்பாகுங்க, உங்களுக்கு ஆவாது" என்று உள்ளே வைத்துவிட்டார். மூக்கடைப்பு மாத்திரை கேட்டேன். "உங்களுக்கு பிபி இருக்குதே, டாக்டரக் கேக்காம தரமாட்டேன்" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் போனேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி, ஆவி பிடி, தண்ணீர் நிறையக் குடி, சர்க்கரை மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே, இருமலுக்குச் சர்க்கரை சேர்க்காத மருந்து டாக்டர் எழுதித் தருவார், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து சுகர் பார்த்துக்கொள். அவ்வளவுதான் சொன்னாள். அதன்படியே நடந்தேன். நாலாம் நாள் இருமல் பாதி குறைந்தது. அப்படியே விட்டிருந்தால் சித்திரையிலேயே என் கண் எனக்கு வந்திருக்கும்.

ஐந்தாம் நாள் பாவா வந்தார். கையில் டப்பா.

"இன்னாம்மா இது, மொட்டத் தலையோட ஆவி புடிச்சிகினு கீற? நர்ஸு சொன்னா, டாக்டர் சொன்னான்னு. வூட்ல வைத்தியன வெச்சிகினு ஊர் சுத்துவியா?"

"வேணாம் பாவா. எனக்கு சுகர் ஏறக் கூடாது. கண்ணு ஆபரேஷன்."

"எழுதிகிறத பாரு. சக்கர ஒரு துளி கெடையாது. காலையில ஒரு உருண்ட, மத்தியானம் ஒண்ணு, சாய்ந்தரம் ஒண்ணு. அஞ்சே நாள்ல இருமல் இருந்த எடம் தெரியாது."

நான் மறுபடியும் தலையை ஆட்டினேன். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"கார்த்திக அன்னிக்கு மேல எடுத்துகினு போயி சாமி பாதத்துல வெச்சி எடுத்தது. வேணாம்னு சொல்லாத. கன்னத்துல போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். சாமி பாதத்தில் வைத்து எடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எங்கள் பக்கம் யாருக்கும் நாக்கு வராது. அதிலும் நான் கண்ணுக்காக மொட்டை போட்டிருக்கிறேன். அந்த டப்பா மெய்யாகவே மலைக்குப் போனதோ, கடையில் மாட்டியிருந்த காலண்டர் முருகனுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்ததோ, அந்த ஆளுக்குத்தான் தெரியும். மூன்று வேளை, ஐந்து நாள், மாத்திரையைக்கூட அவ்வளவு ஒழுங்காக நான் சாப்பிட்டதில்லை. தொண்டைக்கு இதமாக இருந்தது. நர்ஸம்மாவிடம் சர்க்கரை பார்க்கப் போவதையும் விட்டுவிட்டேன். சாமி பாதத்தில் வைத்ததற்குப் பரிசோதனை வேறயா என்ற நினைப்பு.

ஆபரேஷன் அன்று காலையில் ரத்தம் எடுத்தார்கள். முந்நூற்று நாற்பத்தெட்டு. பச்சை கவுன் போட்டு உட்கார வைத்திருந்தவளை எழுப்பி, புடவை கட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். "மூணு மாசம் சுகர ஒழுங்கா வெச்சிகிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார் டாக்டர். ரயிலில் திரும்பி வரும்போது வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றது. பலகையில் மஞ்சள் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. "இது எந்த ஊருங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். மணவூர் என்றார். பிறந்ததிலிருந்து போய்வருகிற பாதையில் எந்த ஊர் என்று கேட்க வேண்டி வந்துவிட்டதே என்று அழுகை முட்டியது.

வீட்டுக்குப் போகாமல் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கொல்லைப்பக்கம் பெரிய அண்டாவில் லேகியம் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோணி. குனிந்து தடவிப் பார்த்தேன். மண்டை மண்டையாக வெல்லம். அக்கா கரண்டி நுனியில் எடுத்து ஊதி, நாக்கில் வைத்துப் பதம் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் போடணும்" என்று இரண்டு உருண்டையை உடைத்துப் போட்டாள்.

"பாவா, சக்கர இல்லன்னு சொன்னீங்களே?"

"சக்கர எங்க போட்டேன்? வெல்லம்மா அது! வெள்ளச் சக்கரதான் வெஷம். வெல்லம் மருந்து. அது ஏத்தாது."

கூசாமல் சொன்னார். மெய்யாகவே நம்பிச் சொன்னாரா, இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நம்பிச் சொன்னால் முட்டாள், நம்பாமல் சொன்னால் அயோக்கியன். இரண்டில் எதுவாக இருந்தாலும் என் ஆபரேஷன் போனது போனதுதான். அதையாவது பொறுத்திருப்பேன். அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டில், பத்துச் சொந்தக்காரர்களுக்கு முன்னால், "வாயக் கட்டத் தெரியாது. திருட்டுத்தனமா லட்டு துன்னுட்டு எம் மருந்து மேல பழி போட்டுகினு திரியறா" என்றாராம். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் இலையைப் பார்த்து ஒரு சிரிப்பு. "உனக்கு ஸ்வீட்டு வெக்கலாமா கூடாதா?" என்று வேண்டுமென்றே ஒரு கேள்வி.

அந்தக் கேள்வியை முதல் தடவை கேட்ட அன்றைக்கே முடிவு பண்ணினேன். இந்த ஆளை ஊர் பார்க்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி, அவர் கடை வாசலிலேயே வைத்துக் கேட்கவேண்டும்.

சர்க்கரை பார்க்கிற சின்ன மிஷின் ஒன்று வாங்கினேன். விரலில் குத்தவும், ரத்தச் சொட்டு எடுக்கவும் நர்ஸம்மாவிடம் கற்றுக்கொண்டேன். ஆளுக்கு ஆள் புது ஊசி என்று நூறு தடவை சொல்லித்தான் கொடுத்தாள். அந்த மூன்று மாசமும் நான் வாயைக் கட்டியதற்குக் காரணம் கண் இல்லை, வீம்பு. ஒரு தோசை கூடப் போடலாமா என்று தோன்றும்போது பாவாவின் மூஞ்சியை நினைத்துக்கொள்வேன். தட்டைத் தள்ளிவிடுவேன். மாத்திரை குறைக்காத சர்க்கரையை ஆத்திரம் குறைத்தது.

ஆனி மாசத்தில் அக்கா வீட்டில் சும்மா ஒரு நாள் போய் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அரை மணி நேரத்தில் இன்னொரு சொம்பு. நடுவில் மூன்று தடவை எழுந்து பின்பக்கம் போனாள். "இன்னாடி வெயில் இது, நாக்கு வறண்டுகினே கீது" என்றாள். வலது காலில் பழந்துணி சுற்றியிருந்தது. விறகு விழுந்து இருபது நாளாகிறதாம், ஆறவில்லையாம், வலியும் இல்லையாம். துணியைப் பிரித்துக் காட்டினாள். நான் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரியும். சுண்டுவிரல் ஓரம் கறுத்திருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. பதினாலு வருஷம் அதோடு குடும்பம் நடத்துகிறவளுக்குப் புரியாதா? வருஷக்கணக்காக அண்டாவுக்கு முன்னால் நின்று நாளைக்கு இருபது தடவை பதம் பார்த்தவள் அவள். என் கைப்பையில் மிஷின் இருந்தது. எடுத்தால் ஒரு நிமிஷ வேலை. நான் எடுக்கவில்லை. இங்கே, இந்தக் கொல்லையில், யாரும் பார்க்காமல் எடுத்து என்ன பிரயோஜனம் என்று நினைத்தேன். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. துணியைச் சுற்றிவிட்டு, "ஆறிடும்க்கா" என்றேன்.

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் கால் வைக்க இடமிருக்காது. புஷ்பக் காவடியும் மஞ்சள் துணியும் அரோகராவும் மொட்டைத் தலையில் பூசிய சந்தனமும்தான். பாவா கடைக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் தலையில் அப்போது ஒரு அங்குலம் முடி. ஒரு அட்டையில் பெரிதாக எழுதி வாங்கி முன்னால் நிறுத்தியிருந்தேன்: 'எதிர்க்கடை லேகியம் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகள் இங்கே சுகர் பார்த்துக்கொள்ளவும். இலவசம்.'

முதலில் பாவா சிரித்தார். கூட்டத்தைப் பார்த்து, "எம் மச்சினிச்சிங்க, கொஞ்சம் ஒரு மாதிரி" என்று தலையைத் தட்டிக் காட்டினார். முதல் ஆள் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போடுகிற விவசாயி. லேகியத்தை வாயில் போட்டதுமே, "இன்னாங்க இது, எங்க கொட்டாய்ல காய்ச்சின வெல்லமாட்டம் கீது! எனக்கேவா?" என்று உரக்கச் சிரித்தார். குளித்துவிட்டு வந்து விரலை நீட்டினார். கண்ணோடு ஒட்டிப் பிடிக்காமல் எனக்கு மிஷினில் எண் தெரியாது. "நீங்களே படிங்க, எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க" என்றேன். "எரநூத்தி தொண்ணூறு!" என்று கத்தினார். அடுத்த அம்மாவுக்கு முந்நூற்றுப் பத்து. அவள் நேராகக் கடைக்குப் போய் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சக்கரக்காரங்க சாப்பிடலாம்னு எந்த வாயால எழுதின?" என்று கேட்டாள். இருமிக்கொண்டு வந்து நின்ற ஒரு பெரியவரிடம் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லி, டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். மத்தியானத்துக்குள் எதிர்க்கடையில் ஈ காக்கை இல்லை. என் ஸ்டூலைச் சுற்றிக் கூட்டம்.

பாவா இறங்கி வந்தார்.

"எழுந்திரு! எம் பொழப்புல மண்ணப் போட வந்தியா? ஜனங்க சாமி கும்பிட வந்துகினு கீறாங்க, அவங்களுக்குச் சோத்துல ஏறுது, டீயில ஏறுது. எல்லாத்துக்கும் எம் மருந்தா?"

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

"அப்ப அக்காவக் கூப்புடுங்க பாவா. இங்க வர்றவங்க டீ குடிச்சிருப்பாங்க, சோறு துன்னிருப்பாங்க. அக்காவுக்குத்தான் சக்கரயே கெடையாதே. உங்க லேகியத்த தினம் பதம் பாக்கறவங்க அவங்கதான. அவங்களுக்கு ஏறலன்னா நான் இந்த அட்டயக் கிழிச்சிட்டு உங்க கால்ல வுழுறேன்."

கூட்டம் "ஆங், அது நாயம்" என்றது. பாவாவுக்கு உயிர் வந்தது போல நிமிர்ந்தார். கடைக்குப் பின்னாலிருந்து அக்காவை அவரே கூப்பிட்டார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தாள். புருஷனுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் சண்டை தீர்ந்தால் போதும் என்று சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள். நான் குத்தினேன்.

"படிங்க பாவா" என்றேன். "நீங்களே படிங்க."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பக்கத்தில் நின்ற காவடிக்காரர்தான் எட்டிப் பார்த்து, "ஐயோ, நானூத்தி அறுவது" என்றார்.

எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மறைக்க மாட்டேன். கல்யாண வீட்டில் சிரித்த அத்தனை வாயையும் அந்த ஒரு எண்ணால் அடைத்துவிட்டேன். பாவா கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரைப் பார்த்து, "லட்டு துன்னது நானா பாவா?" என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன்.

அன்றைக்கே அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சர்க்கரையை இறக்கிவிட்டார்கள். காலை முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை. சுண்டுவிரல், பக்கத்து விரல், அதற்கு மேலும் கொஞ்சம் எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் என் வீட்டுக்காரரிடம், "ஒரு மாசம் முன்னாடி கூட்டினு வந்திருந்தா மருந்துலயே ஆறியிருக்கும்" என்றாராம். அவர் அதை எதேச்சையாக என்னிடம் சொன்னார். நான் பாவாவைத் திட்டினேன். சத்தம் போட்டுத் திட்டினேன்.

என் ஆபரேஷன் ஆவணியில் நடந்தது. காலையில் சர்க்கரை நூற்று முப்பத்தைந்து. டாக்டர் பாராட்டினார். கட்டைப் பிரித்ததும் சுவரில் இருந்த ஆணித் துவாரம்கூடத் தெரிந்தது. ஊருக்கு வந்து அக்காவைப் பார்க்கப் போனேன். கடை மூடியிருந்தது. அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அக்கா காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்த்தாள். "நல்லாத் தெரியுதாடி?" என்றாள். தெரிகிறது என்றேன்.

கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டாள். அப்புறம், கோபமாக இல்லை, யோசனையாகத்தான் கேட்டாள்.

"ஆனி மாசம் வந்தப்ப இந்தக் காலப் பிரிச்சிக் காட்டினேனே. நீதான் இதுல பழம் தின்னு கொட்ட போட்டவளாச்சே. உனக்குக்கூடத் தோணலியாடி?"

என் வாயிலிருந்து சட்டென்று வந்தது.

"அப்ப எனக்குக் கண்ணு தெரியலியேக்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐய, அத மறந்துட்டேன் பாரு" என்றாள். என் மொட்டையில் வளர்ந்திருந்த முடியைத் தடவிக்கொடுத்து, "அப்ப நீயே குருடியா உக்காந்துகினு இருந்த, உன்னப் போயிக் கேக்கறேன் பாரு நான்" என்றாள்.